உரையாடும் இயந்திரமும் அதன் பிழைகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சாட்பாட் என்றும் ஏஐ என்றும் யாவரும் வழங்கிவரும் உரையாடும் இயந்திரத்தில் நேரும் பிழைகளும், அவற்றிற்குரிய பரிகாரங்களும் என்பதாம். இவ்வியந்திரத்தை அறியாதார் இப்போது நம்மில் அரியர். ஓப்பன்ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனத்தார் சாட்ஜிபிடி என்பதனை 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதியன்று பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டனர். அதன்பின் கூகிளின் ஜெமினி, வாட்ஸ்அப்பினுள்ளேயே அமைந்த மெட்டா ஏஐ முதலியனவும் வந்து சேர்ந்தன. நமது இல்லங்களில் பிள்ளைகள் பாடத்தின் பொருட்டும், வியாபாரிகள் கடிதம் எழுதும் பொருட்டும், தாய்மார்கள் குழந்தையின் காய்ச்சலுக்கு யாது செய்வதென்று வினவும் பொருட்டும், முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தின் விவரம் அறியும் பொருட்டும் இதனை நாடுகின்றனர்.

அங்ஙனம் நாடுவது குற்றமன்று. எழுதப் படிக்கப் பிறரை எதிர்பார்த்து நின்ற ஒருவர், தம் தாய்மொழியிலேயே கேட்டு விடை பெறுவது பெரியதொரு நன்மையே. ஆயினும், ஒரு கருவியைக் கையாள்வோர் அது பழுதுபடும் வகையையும் அறிந்திருத்தல் வேண்டும். வண்டி ஓட்டுபவன் அச்சாணியைப் பாராதிருத்தல் தகுமோ?

இவ்வியந்திரத்தின் பிழைகள் இருவகைப்படும். ஒன்று, தானே பிழையென்று திரையில் அறிவித்து நின்றுவிடுவது. மற்றொன்று, பிழையென்று அறிவியாமலே, ஒழுங்கான வாக்கியத்தில் தவறானதை உரைப்பது. முன்னதனைக் கண்டு நம்மவர் பெரிதும் கலங்குகின்றனர். பின்னதனைக் கண்டு சிறிதும் கலங்குவதில்லை. இது தலைகீழான நிலையாகும். முதல் வகைப் பிழையால் நமக்கு நேரும் நஷ்டம் சிறிது நேரமே. இரண்டாம் வகைப் பிழையால் ஒரு மாணவனுக்கு ஓராண்டுப் படிப்பும், ஒரு நோயாளிக்கு உடல்நலமும் போய்விடக்கூடும். இவ்விரண்டனையும் முறையே எடுத்துக் கூறுவோம்.

முதற்கண், இயந்திரம் எங்கேயுள்ளது என்பதனைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். நாம் இங்கே கூறிய சாட்பாட்கள் நமது செல்போனுக்குள் இருந்து விடை கூறுவன அல்ல. நாம் எழுதும் கேள்வி செல்போனினின்று புறப்பட்டு, வைஃபை வழியாகவோ மொபைல் டேட்டா வழியாகவோ சென்று, இடையிலுள்ள பல கம்பெனிகளின் கணினிகளைக் கடந்து, நிறுவனத்தாரின் சர்வர்களை அடைகின்றது. அங்கே விடை ஆக்கப்பட்டு, சிறிது சிறிதாக அதே வழியில் திரும்பி வருகின்றது. ஆகவே தடை நேரக்கூடிய இடங்கள் மூன்று: நம் கையிலுள்ள கருவி, இடைவழி, அங்குள்ள சர்வர். எவ்விடத்தில் தடை என்று தெளியாமல் பரிகாரம் தேடுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

'நெட்வொர்க் எரர்' என்று திரையில் தோன்றினால் செய்யவேண்டுவன இவை. முதலில், எழுதிய கேள்வி நீண்டதாயின் அதனை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்க; பக்கத்தைப் புதுப்பிக்கும்போது எழுதியது மறைந்துபோதல் உண்டு. பின்னர், வேறொரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து பார்க்க. அதுவும் திறவாதாயின் குற்றம் இணைப்பில் உள்ளது. வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவிலோ, டேட்டாவை நிறுத்தி வைஃபையிலோ முயன்று பார்க்கலாம். அது திறந்து, இயந்திரம் மாத்திரம் திறவாதாயின், பிரவுசரில் மறைமுகப் பக்கம் ஒன்றைத் திறந்து அதில் நுழைந்து பார்க்க. அங்கே சரியாக நடைபெற்றால், பிரவுசரில் சேர்ந்துகிடக்கும் பழைய குக்கீகளோ, அதனோடு இணைத்துள்ள துணைச் செயலிகளோ தடைக்குக் காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அவற்றை நீக்கிவிட்டால் தடையும் நீங்கும். விபிஎன் போட்டிருப்போர் அதனை நிறுத்திப் பார்த்தல் நலம். ஆப் வழியாகப் பயன்படுத்துவோர் அதன் புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளுதல் வேண்டும். செல்போனில் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

இனி, திரையில் சில வேளைகளில் மூன்று இலக்க எண் ஒன்று தோன்றும். அவ்வெண்ணின் முதல் இலக்கத்தைக் கொண்டே குற்றம் எப்பக்கத்தது என்று ஒருவாறு உணரலாம். 4 என்று தொடங்கினால் நாம் அனுப்பிய வேண்டுகோளில் ஏதோ ஒரு காரணத்தால் அது ஏற்கப்படவில்லை என்பது பொருள். 401 என்றால் நாம் இன்னார் என்று மெய்ப்பிக்கவில்லை. மறுபடியும் உள்நுழைதல் வேண்டும். 403 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 429 என்றால் அளவுக்கு மிஞ்சிய கேள்விகள் சென்றுவிட்டன. 5 என்று தொடங்கும் 500, 502, 503, 504 ஆகியன சர்வர் பக்கத்துக் கோளாறுகளாம். 5 என்று கண்டவிடத்து நமது செல்போனை அணைத்துத் திறப்பதிலும், ஆப்பை நீக்கி மீண்டும் ஏற்றுவதிலும் பொழுதைப் போக்குவது பெரும்பாலும் வீண் வேலை. நிறுவனத்தார் தமது சேவையின் நிலையை அறிவிக்கத் தனியே ஒரு பக்கம் வைத்திருக்கின்றனர். அதனைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

இதற்கு உதாரணங்கள் உள. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி சாட்ஜிபிடி நான்கு மணி நேரத்துக்கு மேல் தடைப்பட்டது. தங்கள் கணினிகளைக் கண்காணிக்கும் பொருட்டு அந்நிறுவனத்தார் புதிதாக வைத்த ஏற்பாடே அக்கணினிகளின்மேல் பெருஞ்சுமையாக விழுந்தது என்று அவர்களே பின்னர் வெளியிட்டனர். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி நேர்ந்தது இன்னும் கவனிக்கற்பாலது. அன்று பழுதுபட்டது சாட்ஜிபிடி நிறுவனத்தாரின் சர்வர் அன்று. இடைவழியில் நின்று பல நிறுவனங்களின் பக்கங்களைக் காத்துவரும் கிளவுட்ஃபிளேர் என்னும் கம்பெனியின் ஏற்பாடே பழுதுபட்டது. ஆனால் சாட்ஜிபிடியைத் திறந்தவர் பலருக்கு, கிளவுட்ஃபிளேரின் ஒரு முகவரிக்கு நீங்கள் இட்டுள்ள தடையை நீக்குக என்னும் அறிவிப்புத் தோன்றியது. தடை இட்டவர் அவருள் யாருமில்லை. இதனால் நாம் அறிவது யாதெனின், பிழை அறிவிப்பும் சில வேளைகளில் பிழைபட உரைக்கும் என்பதாம். ஒரே சமயத்தில் பக்கத்து வீட்டாருக்கும் திறக்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், வீணான அலைச்சல் குறையும்.

429 என்பதனைப்பற்றி மேலும் சிறிது கூறுதல் வேண்டும். இலவசமாகப் பயன்படுத்துவோர்க்குக் குறித்த காலத்துக்குள் இத்தனை கேள்விகள்தாம் என்று நிறுவனத்தார் வரம்பு வைத்துள்ளனர். பணம் கட்டுவோர்க்கும் வரம்பு உண்டு. அது சற்றுப் பெரிது. வரம்பைத் தாண்டியபின் அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் பயனில்லை. வரம்பு எப்போது நீங்கும் என்று திரையில் நேரம் குறித்திருந்தால் அதுவரையில் பொறுத்தல் வேண்டும். பத்துச் சிறு கேள்விகளாகக் கேட்பதனை ஒரே தெளிவான கேள்வியாகத் திரட்டிக் கேட்பவர்க்கு இவ்வரம்பு எளிதில் குறுக்கிடாது.

நெடுநேரம் பேசியபின் இயந்திரம் முன்னே சொன்னதை மறந்துவிடுகின்றதே என்று பலர் குறைகூறுகின்றனர். அதற்கும் காரணம் உண்டு. இயந்திரம் நமது எழுத்தை டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கின்றது. ஒரே உரையாடலில் இத்தனை துண்டுகளையே அது ஒருங்கே கருத்தில் வைத்துக்கொள்ள முடியும். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த ஜிபிடி-4 என்பதன் சாதாரண வகைக்கு அவ்வளவு 8,192 துண்டுகளாக இருந்தது. பின்வந்தவற்றில் இவ்வளவு பன்மடங்கு பெருகியுள்ளது. ஆயினும் எல்லையின்றிப் பெருகவில்லை.

இவ்விஷயத்தில் தமிழில் எழுதும் நமக்கு ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் ஜிபிடி-4ஓ என்பதனை வெளியிட்டபோது அந்நிறுவனத்தார் ஒரு கணக்குக் காட்டினர். தமிழில் எழுதிய ஒரு சிறு பகுதி முன்னைய முறையில் 116 துண்டுகளாக வெட்டப்பட்டது. புதிய முறையில் 35 துண்டுகளாயிற்று. அதே பொருளுடைய ஆங்கிலப் பகுதியோ முன்பு 27, பின்பு 24. முன்பு ஆங்கிலேயர் ஒருவர் பேசியதைவிட நாம் நான்கிலொரு பங்கு பேசும்போதே இடம் நிரம்பிற்று என்பது இதனால் விளங்கும். இப்போது அக்குறை பெரிதும் குறைந்துள்ளதாயினும் முற்றும் நீங்கவில்லை. ஆதலின் உரையாடல் நீண்டுபோய் விடைகள் குழம்பத் தொடங்கினால், அதுவரை கண்ட முடிவுகளை நாலைந்து வரிகளில் எழுதிக்கொண்டு, புதிய உரையாடலைத் திறந்து, அவ்வரிகளை முதலில் இட்டுத் தொடங்குக. நீண்ட விடை பாதியில் நின்றுவிட்டால் 'தொடர்க' என்று எழுதினால் பெரும்பாலும் தொடரும்.

உள்நுழைவதில் நேரும் இடையூறு ஒன்றுண்டு. முதல் நாள் கூகிள் கணக்கின் வழியே நுழைந்த ஒருவர், மறுநாள் வேறு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து நுழைந்தால், அது வேறொரு கணக்காகிவிடும். பழைய உரையாடல்கள் அங்கே காணப்படா. அவை அழிந்துவிட்டன என்று வருந்த வேண்டுவதில்லை. முன்பு நுழைந்த வழியிலேயே நுழைந்தால் கிடைக்கும். ஆப் ஏற்றிக்கொள்வோர் அதனை வெளியிட்டவர் பெயரைப் பார்த்தே ஏற்றுதல் வேண்டும். சாட்ஜிபிடியின் மெய்யான ஆப் ஐபோனுக்கு 2023 மே மாதத்திலும், ஆண்ட்ராய்டு போனுக்கு அவ்வாண்டு ஜூலை 25-ஆம் தேதி இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளிலும் வெளிவந்தது. அதற்கு முன்னரே அப்பெயரைப் போன்ற பெயர் பூண்ட போலிகள் பல உலவிப் பணம் பறித்தன. அவ்வினம் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஓடிபி எண்ணையோ, பாங்கிக் கணக்கு எண்ணையோ, ஆதார் எண்ணையோ எந்த உரையாடும் இயந்திரத்திலும் எழுதலாகாது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி சாட்ஜிபிடியில் நேர்ந்த ஒரு கோளாற்றால், ஒருவர் நடத்திய உரையாடலின் தலைப்புகள் மற்றொருவர் திரையில் தோன்றின. பணம் கட்டிய சிலரது கட்டண விவரத்தின் சில பகுதிகளும் வெளிப்பட்டன. நிறுவனத்தார் அதனைச் செப்பனிட்டனர் என்பது மெய்யே. ஆயினும், பிறர் காணலாகாத ஒன்றை எழுதாதிருப்பதே சிறந்த காவல்.

நிற்க. இதுகாறும் கூறியவை யாவும் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். அவற்றைப் பொறுமையுடையவர் எவரும் வென்றுவிடலாம். இனிக் கூறப்போவது கண்ணுக்குத் தெரியாத பிழை. அன்பர்கள் இதனை ஊன்றிக் கேட்குமாறு வேண்டுகின்றோம்.

இவ்வியந்திரம் எண்ணிறந்த நூல்களையும் பக்கங்களையும் கொண்டு பயிற்றப்பட்டது. ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து வாக்கியங்களை ஆக்குவதே அதன் தொழில். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டி உள்ளதை உள்ளபடி படிப்பதுபோல அது படிப்பதில்லை. ஆகவே, தெரிந்ததைக் கூறும்போதும் தெரியாததைக் கூறும்போதும் அதன் நடை ஒரே தன்மையாய் இருக்கின்றது. மனிதர் பொய்யுரைத்தால் சில வேளைகளில் முகம் மாறும், குரல் தடுமாறும். இதற்கு முகமுமில்லை, குரல் தடுமாற்றமுமில்லை. பிற்காலத்து இயந்திரங்களில் இணையத்தைத் தேடிப் பார்த்து விடை கூறும் வசதியும் சேர்ந்துள்ளது. அதனால் இப்பிழை குறைந்துள்ளதேயன்றி ஒழியவில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கோர்ட்டில் 2023-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நோக்குவோம். விமானக் கம்பெனி ஒன்றின்மேல் தொடுத்த வழக்கில் வாதி தரப்பு வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில், முன் தீர்ப்புகள் என்று சிலவற்றை எடுத்துக் காட்டினர். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் எக்கோர்ட்டிலும் வழங்கப்படாதவை; சாட்ஜிபிடி தானே புனைந்தவை. அவ்வழக்குகள் மெய்யானவையோ என்று வக்கீல் அவ்வியந்திரத்தினிடமே வினவியிருந்தார். மெய்யானவையே என்று அது விடை கூறியிருந்தது. ஜூன் மாதத்தில் நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் கற்றவர்க்கே இக்கதி நேர்ந்ததாயின் பிறரைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எதிரி ஒருவன் தனக்குத் தானே சாட்சி சொல்வதனை எந்தப் பஞ்சாயத்தார் ஒப்புவர்? இயந்திரத்தின் சொல்லை இயந்திரத்தையே கொண்டு மெய்ப்பிப்பதும் அத்தகையதே.

உடல்நலத்தைப் பற்றிய சம்பவம் ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அறுபது வயதான ஒருவர், சமையல் உப்பு உடலுக்குக் கெடுதி என்று எண்ணி, அதனை விலக்க வழி தேடினார். சாட்ஜிபிடியைக் கலந்தபின், உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடு என்னும் ரசாயனப் பொருளை வாங்கி மூன்று மாதகாலம் உண்டுவந்ததாக அவர் மருத்துவரிடம் உரைத்தார். பக்கத்து வீட்டார் தமக்கு விஷம் வைக்கின்றனர் என்னும் மருட்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அவர், மூன்று வாரம் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்ற பின்னரே தேறினார். புரோமைடு குளோரைடுக்குப் பதிலாகப் பயன்படும் இடங்கள் வேறு தொழில்களில் உண்டு. ஆனால் உண்ணும் உப்பாகப் பயன்படாது. எதன் பொருட்டுக் கேட்கின்றாய் என்று ஒரு மருத்துவர் முதலில் வினவியிருப்பார்.

ஆயின், இவ்வியந்திரத்தை விட்டுவிடலாமோ எனின், வேண்டா. தீர விசாரிப்பதே மெய் என்பது நமது பழமொழி. விசாரிக்கும் முறை நான்கு கூறுவோம்.

முதலாவது, கேள்வியைத் தெளிவாகக் கேட்டல். 'ஸ்காலர்ஷிப் எப்போது?' என்று கேட்பவர்க்கு, எந்நாட்டு, எவ்வாண்டு ஸ்காலர்ஷிப் என்று தெரியாத விடையே வரும். எந்த மாநிலம், எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்த உதவித்தொகை என்பவற்றைக் குறித்து, 'அரசாங்க அறிவிப்பு எப்பக்கத்தில் உள்ளது என்பதையும் காட்டுக' என்று சேர்த்து எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, காட்டிய இடத்தைத் தாமே திறந்து பார்த்தல். அப்பக்கம் மெய்யாகவே உள்ளதா, இயந்திரம் கூறியது அதில் எழுதியிருக்கின்றதா, அஃது இவ்வாண்டிற்குரியதா என்னும் மூன்றனையும் காணவேண்டும். முதலில் வெளிவந்த சாட்ஜிபிடி 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துக்குப் பிற்பட்ட செய்திகளைப் பெரும்பாலும் அறியாதிருந்தது. புதியனவற்றிற்கும் பயிற்சி முடிந்த நாள் என்று ஒன்றுண்டு. இணையத்தைத் தேடாமல் விடை கூறும்போது, சென்ற ஆண்டின் கடைசித் தேதியை இவ்வாண்டின் தேதியாகக் கூறிவிடல் அதற்கு எளிது. அதனை நம்பி இருந்துவிட்ட மாணவனுக்கு அலுவலகத்தார் கதவைத் திறப்பரோ?

மூன்றாவது, 'இது சரிதானே?' என்று கேளாதிருத்தல். இவ்வியந்திரம் கேட்பவர் மனத்திற்கு இசைந்து பேசும் பழக்கமுடையது. நாம் ஒரு பக்கம் சாய்ந்து கேட்டால் அதுவும் அப்பக்கம் சாயும். புதிய உரையாடலைத் திறந்து, நம் எண்ணத்தை வெளியிடாமல் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இரு விடைகளும் மாறுபட்டால் எச்சரிக்கை கொள்க. ஒன்றுபட்டாலும் அதுமட்டும் கொண்டு உறுதியென்று கொள்ளற்க.

நான்காவது, மருந்து, வழக்கு, பணம் என்னும் மூன்றிலும் முடிவான சொல்லை மனிதரிடமே பெறுதல். மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக்கொள்வதற்கு இயந்திரம் பெரிதும் உதவும். குழந்தைக்கு எத்தனை மில்லி மருந்து என்பதனை மருத்துவரோ, மருந்துக்கடைப் பார்மசிஸ்டோ சொல்லவேண்டும். பத்திரத்தின் வாசகம் விளங்காவிடில் இயந்திரத்தைக் கொண்டு எளிய தமிழில் படித்துக்கொள்ளலாம். கையெழுத்திடுமுன் வக்கீலிடம் காட்டவேண்டும்.

இறுதியாக, நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம்முள் முதியோர் பலர் இயந்திரம் நின்றுவிட்டால் தம்மையே நொந்துகொள்கின்றனர். அது தடையின்றிப் பேசினால் அதனை அப்படியே நம்பிவிடுகின்றனர். இளைஞர்களோ திரையில் தோன்றும் தடையை நொடியில் நீக்கிவிடுகின்றனர். விடையின் மெய்ப்பொருளை ஆராய்வதில் அவசரப்படுகின்றனர். முதியோர்க்கு வாழ்க்கையனுபவம் உண்டு. அரசாங்க அலுவலகத்தில் எக்காகிதம் செல்லும், எது செல்லாது என்பதனை அவர்கள் அறிவர். ஆதலின், ஞாயிற்றுக்கிழமைதோறும் நமது வாசகசாலையில் ஒரு மணி நேரம், இளைஞர் ஒருவரும் முதியவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து, வருபவர்க்கு இவ்விஷயத்தில் துணைபுரியும் ஏற்பாட்டை நிர்வாகக் கமிட்டியார் செய்வாராக. ஒருவர் இயந்திரத்தைச் செப்பனிடுவார். மற்றவர் அதன் விடையைச் சோதிப்பார். இதற்குப் பெரும்பொருள் செலவில்லை. இதனால் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் காலத்தில் சென்று சேருமாயின் அதுவே போதும்.